பேக்கப் டிரைவ் திறக்கவில்லையா? பதறாமல் பாருங்கள்



2011ல் தமிழக அரசு பிளஸ் டூ மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோதுதான் எத்தனையோ வீடுகளில் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் நுழைந்தது. பிறகு எல்லார் கையிலும் கேமரா போன் வந்தது. போனில் இடம் நிறைந்ததும் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கி, நிக்காஹ் படங்கள், ஹஜ் பயணப் படங்கள், மறைந்த அத்தாவின் குரல் பதிவு எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிட்டு, போனில் இருந்ததை அழித்துவிடுகிறோம். "பேக்கப் எடுத்தாச்சு" என்று நிம்மதியாகவும் இருக்கிறோம். அது பேக்கப் அல்ல, இடமாற்றம். இரண்டு இடத்தில் இருந்தால்தான் பேக்கப். ஒரே ஒரு டிரைவில் இருப்பது, அந்த டிரைவ் ஓடும் வரைதான்.

அப்படிப்பட்ட டிரைவ் ஒரு நாள் திறக்க மறுத்தால் என்ன செய்வது? முதலில் காதைக் கொடுத்துக் கேளுங்கள். இந்த டிரைவுக்குள் ஒரு தட்டு நிமிடத்துக்குப் பெரும்பாலும் 5,400 முறை சுற்றுகிறது. அதன் மேல் ஒரு சிறு முனை தொட்டும் தொடாமலும் மிதந்தபடி படிக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. டிரைவ் கீழே விழுந்திருந்தாலோ, "டக்... டக்..." என்று ஒரே தாளத்தில் தட்டும் சத்தம் கேட்டாலோ அந்த முனை அடிபட்டிருக்கலாம். உடனே கழற்றி வைத்துவிடுங்கள். இன்னொரு முறை போட்டுப் பார்ப்போமே என்று திரும்பத் திரும்பச் செருகினால், அடிபட்ட முனை தட்டையே கீறிவிடும். கீறிய இடத்தில் இருந்ததை யாராலும் மீட்க முடியாது. பிரிட்ஜில் வைத்து எடுத்தால் ஓடும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம். உள்ளே ஈரம் கோர்த்துக்கொள்வதுதான் மிச்சம். வீட்டில் திருகாணியைக் கழற்றித் திறப்பதும் கூடாது. ஒரு தூசி போதும், கெடுத்துவிடும்.

சத்தம் எதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. சந்தேகப்பட வேண்டிய முதல் ஆள் கேபிள். பல டிரைவ்களில் கேபிள் முனை அகலமாக, தட்டையாக, நடுவில் ஒரு பள்ளத்தோடு இருக்கும். அது சீக்கிரம் தளர்ந்துபோகும். தெரிந்தவர் வீட்டில் அதே மாதிரி கேபிள் இருந்தால் வாங்கிப் போட்டுப் பாருங்கள். அடுத்தது மின்சாரம். சிறிய டிரைவுக்குத் தனி அடாப்டர் கிடையாது, கம்ப்யூட்டரிலிருந்தே மின்சாரம் எடுக்கும். பழைய யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர், நீல நிற 3.0 போர்ட் தருவது 900. டெஸ்க்டாப் என்றால் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கப் போர்ட்டில் நேரடியாகச் செருகுங்கள். நாலைந்து பென் டிரைவ் தொங்கும் ஹப்பில் போடாதீர்கள். பெரிய டிரைவ் என்றால் அதன் 12 வோல்ட் அடாப்டரைப் பாருங்கள். பல நேரம் டிரைவ் நன்றாகத்தான் இருக்கும், அடாப்டர் போயிருக்கும்.

விளக்கு எரிகிறது, சுற்றுகிறது, ஆனால் கம்ப்யூட்டரில் தெரியவில்லையா? ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் திறங்கள். அங்கே டிரைவ் இருந்து, அதற்கு எழுத்து மட்டும் இல்லையென்றால், ஒரு எழுத்தைக் கொடுத்தால் போதும், திறந்துவிடும். அரசு மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அதை அழிக்காமல் வைத்திருப்பவர்கள் அதிலும் ஒரு முறை பாருங்கள். விண்டோஸ் அடம் பிடிக்கும் டிரைவை லினக்ஸ் சில நேரம் சாதாரணமாகத் திறந்துவிடும்.

"இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று திரையில் வந்தால் கேன்சல் மட்டுமே அழுத்துங்கள். "இனிஷியலைஸ்" என்று கேட்டாலும் அப்படியே. யாராவது ஏற்கெனவே ஃபார்மட் அழுத்திவிட்டார்களா? வீட்டில் சண்டை வேண்டாம். குவிக் ஃபார்மட் பொருளடக்கத்தை மட்டும்தான் கிழிக்கிறது, பக்கங்கள் உள்ளேயேதான் இருக்கின்றன. அதன் மேல் புதிதாக எதையும் காப்பி செய்யாதவரை மீட்க வழி உண்டு. ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் இதைச் செய்யும். மீட்ட படங்களை வேறொரு டிரைவில்தான் சேமிக்க வேண்டும். எஸ்எஸ்டி வகை டிரைவாக இருந்தால் இந்த நம்பிக்கை குறைவு. அவை அழித்ததை உண்மையிலேயே துடைத்துவிடக்கூடும்.

எப்படியோ திறந்துவிட்டால் முதல் வேலை காப்பி எடுப்பது. "ஸ்கேன் அண்ட் ஃபிக்ஸ்" எல்லாம் பிறகு. ஆதார், பட்டா, வில்லங்கச் சான்று போன்றவற்றை இணையத்தில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அவற்றுக்காக நேரத்தைச் செலவிடாமல், உலகத்தில் வேறெங்கும் இல்லாத படங்களையும் குரல் பதிவுகளையும் முதலில் எடுங்கள்.

தட்டும் சத்தம் கேட்ட டிரைவை மீட்க தூசியற்ற அறை வேண்டும். அந்த வசதியுள்ள இடங்கள் சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களில்தான் உண்டு. செலவு அதிகம். ஆகவே உள்ளே இருப்பது அந்தச் செலவுக்குத் தகுமா என்று குடும்பத்தோடு பேசி முடிவெடுங்கள். மீட்க முடியாவிட்டால் கட்டணம் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நம் பக்கத்துக் கடையிலோ சேலத்திலோ கொடுப்பதாக இருந்தாலும் ஒன்றை மறக்காதீர்கள்: உள்ளே இருப்பவை நம் வீட்டுப் பெண்களின் படங்கள். முடிந்தால் பக்கத்திலேயே உட்கார்ந்து செய்து வாங்குங்கள். முடியாவிட்டால், கடைக் கம்ப்யூட்டரில் எடுத்த காப்பியை உங்கள் கண் முன்னால் அழிக்கச் சொல்லுங்கள். இதைக் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை, நேர்மையான கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

புதிதாக வாங்கும்போது ஒன்றுக்கு இரண்டாக வாங்கி, இரண்டாவதை உறவினர் வீட்டில் வையுங்கள். எந்நேரமும் கம்ப்யூட்டரிலேயே செருகி வைக்க வேண்டாம். 2017 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய வன்னாகிரை போன்ற பணம் பறிக்கும் வைரஸ்கள், செருகியிருக்கும் டிரைவையும் சேர்த்தே பூட்டிவிடும்.

செத்துப்போன டிரைவை அப்படியே பழைய இரும்புக் கடையில் போடாதீர்கள். படங்கள் அந்தத் தட்டில் இன்னும் இருக்கலாம். சிறிய டிரைவ்களில் தட்டு பெரும்பாலும் கண்ணாடியால் ஆனது. கனத்த துணியில் சுற்றி, குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, சுத்தியலால் நாலு போடு போட்டால் உள்ளே நொறுங்கும் சத்தம் கேட்கும். அதன் பிறகு கடைக்குக் கொடுக்கலாம்.