ரேட்டிங் இறங்குச்சு, காசு ஏறுச்சு: டபிள்யூடபிள்யூஇ ரா கணக்கு

"டிவி ரேட்டிங் விழுந்தா கம்பெனியும் விழுந்துடும்"னு நினைச்சு ஷேரை விக்கிறவங்க இதைப் படிங்க.

1999 மே 10 அன்று ரெஸ்லிங் ஷோ 'ரா' அமெரிக்காவில் வாங்கின ரேட்டிங் 8.1. அந்த சேனல் வர்ற 100 வீட்டுல சுமார் 8 வீடு பார்த்துச்சு. 2024-ல பல வாரம் 20 லட்சம் பேர்கூட பார்க்கல. பழைய கூட்டத்துல கால்வாசியும் தேறாது.

ஆனா நெட்ஃபிளிக்ஸ் 2025 ஜனவரியிலிருந்து 10 வருஷத்துக்கு 500 கோடி டாலருக்கு மேல ஒப்பந்தம் போட்டுச்சு! (பல வெளிநாட்டு உரிமையும் இதுல அடக்கம். பழைய ஒப்பந்தத்தோட நேரா ஒப்பிடாதீங்க.)

ஏன்? நம்ம விருத்தாசலம் செராமிக் யூனிட்டைப் பாருங்க. கொலு பொம்மை நவராத்திரி சீசனுக்குத்தான் ஓடும். வருஷம் பூரா ஆர்டர் வர்ற சரக்குதான் சம்பளம் போட உதவும். ரா 52 வாரமும் வருது, பெரும்பாலும் லைவா. ரசிகர் சந்தாவை நிறுத்த யோசிப்பார். மத்த டிவி நிகழ்ச்சிகளும் கூட்டத்தை இழந்துட்டு வர்றப்போ, இந்த நிரந்தரக் கூட்டத்துக்குத்தான் விலை.

இந்தியாவுல 2025 மார்ச் வரை சோனி சேனல்கள்ல வந்துச்சு, ஏப்ரல்லேர்ந்து நெட்ஃபிளிக்ஸ். இனி ரேட்டிங்கைவிட உங்க ஆட்டோ-டெபிட்தான் முக்கியம். மாசம் 649 ரூபாய் பிளான்னா வருஷத்துக்கு 7,788. 149 ரூபாய் மொபைல் பிளான்னா 1,788. செவ்வாய் காலையில ஷிஃப்டுக்குப் போற பஸ்ல போன்ல பார்க்கத்தான்னா, 149 போதும்.