சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் எங்கே போவது? - குடியை விட நினைப்பவர்களுக்கு ஒரு மணி நேரக் கூட்டம்!

திருப்பூரில் சனிக்கிழமை என்றால் சம்பளம். பனியன் கம்பெனிகளில் வாரக்கூலி கைக்கு வரும் நாள். மளிகைக்கடை பாக்கி, வாடகை, மகளிர் குழுத் தவணை என வீட்டில் கணக்கு காத்திருக்கும். கம்பெனிக்கும் வீட்டுக்கும் நடுவே டாஸ்மாக்கும் காத்திருக்கும். 'இந்த வாரம் தொடவே மாட்டேன்' என்று வெள்ளிக்கிழமை வரை உறுதியாக இருந்தவர்கள்கூட, அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் தோற்றுப்போகிறார்கள்.

அந்த நேரத்தில் போய் உட்கார வேறோர் இடம் இருக்கிறது. அதுதான் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' கூட்டம். சுருக்கமாக ஏ.ஏ.

ஒரு போன் காலில் தொடங்கியது

1935. அமெரிக்காவின் ஆக்ரன் நகருக்குத் தொழில் விஷயமாக வந்திருந்தார் பில் வில்சன். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. வந்த காரியம் தோல்வி. தங்கியிருந்த ஹோட்டலில் ஒரு பக்கம் மதுக்கூடம், இன்னொரு பக்கம் டெலிபோன். அவர் டெலிபோனை எடுத்தார். தன்னைப் போலவே குடியால் அவதிப்படும் ஒருவருடன் பேச வேண்டும் என்று கேட்டார். அப்படி அறிமுகமானவர்தான் டாக்டர் பாப் ஸ்மித். அந்த ஆண்டு ஜூன் 10-ம் தேதியை, டாக்டர் பாப் கடைசியாகக் குடித்த நாளை, ஏ.ஏ தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. இந்தியாவுக்கு இந்த அமைப்பு 1957-ல் வந்தது.

உள்ளே என்ன நடக்கும்?

பெரும்பாலும் சர்ச், பள்ளி, சமூகக்கூடம் போன்ற இடங்களில் ஓர் அறை. வட்டமாகச் சில நாற்காலிகள். ஒரு மணி நேரம் அல்லது ஒன்றரை மணி நேரம். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கிட மாட்டார்கள். அறிவுரையும் இல்லை, திட்டும் இல்லை. 'நான் ஒரு குடிநோயாளி' என்று சொல்லி அவரவர் பட்டதைப் பேசுவார்கள். பேச விருப்பமில்லாதவர் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கலாம்.

கட்டணம் கிடையாது. விருப்பப்பட்டால் உண்டியலில் ஏதாவது போடலாம். உறுப்பினராக ஒரே தகுதி, குடியை நிறுத்தும் விருப்பம். 12 படிகளில் 'மேலான சக்தி' என்று வரும். அதை எந்த மதத்தோடும் சேர்க்க வேண்டியதில்லை. அவரவர் புரிதலுக்கு விட்டுவிடுகிறார்கள்.

'வாழ்நாள் முழுக்கக் குடிக்க மாட்டேன்' என்று சத்தியமும் வாங்குவதில்லை. 'இன்றைக்கு மட்டும் குடிக்காமல் இருப்போம்' என்பதே பேச்சு. சனிக்கிழமையைத் தாண்டத் தவிப்பவருக்கு அது பெரிய விஷயம்.

பலன் உண்டா? 27 ஆய்வுகளைத் தொகுத்து 2020-ல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் ஏ.ஏ-வும் அதை ஒட்டிய சிகிச்சையும் மற்ற சிகிச்சைகளுக்கு நிகராகவோ, மேலாகவோ பலன் தருவதாகச் சொன்னது.

தெரிந்தவர் பார்த்துவிட்டால்?

திருப்பூரில் சூப்பர்வைசர், கான்ட்ராக்டர், பக்கத்து மெஷின்காரர் எல்லோரும் ஒரே ஏரியாவில் இருப்பார்கள். அதனால் தயக்கம் வருவது இயல்பு. அதற்காகத்தான் பெயரிலேயே 'அனானிமஸ்' இருக்கிறது. முழுப்பெயர், முகவரி கேட்பதில்லை. அங்கே கேட்டதை வெளியே பேசக் கூடாது என்பது எழுதப்படாத சட்டம். அங்கே தெரிந்த முகத்தைப் பார்த்தால், அவரும் அதே காரணத்துக்காகத்தான் வந்திருக்கிறார்.

அப்படியும் கூச்சம் போகவில்லை என்றால், கோவைக்குப் போய்க் கலந்துகொள்ளலாம். போனிலேயே கலந்துகொள்ளும் ஆன்லைன் கூட்டங்களும் உண்டு. ஒன்றரை ஷிப்ட் முடித்து வருபவர்களுக்கும், இந்தி பேசும் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கும் அது வசதி.

எப்படிக் கண்டுபிடிப்பது?

ஏ.ஏ இந்தியா இணையதளத்தில் ஊர் வாரியாகக் கூட்டங்களின் இடமும் நேரமும் இருக்கும். நேரம் மாறக்கூடும் என்பதால் போன் செய்துவிட்டுப் போவது நல்லது. முதல்முறை போகிறவர்கள் 'ஓப்பன் மீட்டிங்' எப்போது என்று கேட்கலாம். அதற்குக் குடும்பத்தினரும் வரலாம். 'குளோஸ்டு மீட்டிங்' குடியை நிறுத்த விரும்புபவர்களுக்கு மட்டும்.

கூட்டத்துக்கு முன் டாக்டர்

தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென நிறுத்துவது ஆபத்து. கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மையில் தொடங்கி, இரண்டு மூன்று நாள்களுக்குள் வலிப்பு, மனக்குழப்பம், இல்லாதது தெரிவது வரை போகலாம். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். எனவே முதலில் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவைப் பார்க்க வேண்டும். ஏ.ஏ, மருத்துவத்துக்கு மாற்று அல்ல, துணை.

மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஓர் உதவி கிடைக்கிறது.

வீட்டில் இருப்பவர்களுக்கு...

'தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், குடியை மறந்துவிடுவார்' என்ற விளம்பரங்களை நம்ப வேண்டாம். டைசல்பிராம் போன்ற மருந்து உடலில் இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். நோயாளியின் சம்மதத்தோடு, டாக்டர் கண்காணிப்பில்தான் அதைக் கொடுக்க வேண்டும்.

குடும்பத்தினருக்கென்றே 'அல்-அனான்' கூட்டங்கள் இருக்கின்றன. குடிப்பவர் வர மறுத்தாலும் மனைவியோ, அம்மாவோ தனியாகப் போகலாம். குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே மருத்துவமனையும், குடும்பத்தினருக்கும் சேர்த்தே சிகிச்சைத் திட்டம் வைத்திருக்கிறது. குடிநோய் ஒருவரைப் பிடித்தாலும், படுப்பது மொத்தக் குடும்பமும்தான்.

ஒரு முறை சறுக்கிவிட்டால்? அடுத்த கூட்டத்துக்குப் போகலாம். யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள்.

உதவிக்கு: போதை மீட்பு ஆலோசனைக்கு 14446. மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டும் கட்டணமில்லா எண்கள்.