மூன்றாம் வீட்டு கேற்றடி

"அப்பம்மா, நீங்கள் கனடாவுக்கு வரேக்கை என்ன சூட்கேஸ் கொண்டு வந்தனீங்கள்?"

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, வேலை முடிந்து மொன்ட்ரியால்-நோரில் பஸ்ஸால் இறங்கி வீட்டுக்குள் கால் வைக்கும்போது காதில் விழுந்த கேள்வி இது. என் பத்து வயது மகள் சாப்பாட்டு மேசையில் கொப்பியை விரித்து வைத்திருந்தாள்.

பள்ளிக்கூடத்தில் 'ஹானாவின் சூட்கேஸ்' புத்தகத்தைப் பிரெஞ்சில் வாசிக்கிறார்களாம். செக் நாட்டு யூதச் சிறுமி ஹானா பிரேடி 1944இல் அவுஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டபோது அவளுக்கு வயது 13. பல வருடம் கழித்து, அவளுடைய பெயர் எழுதிய சூட்கேஸ் டோக்கியோவுக்கு வந்துசேர்ந்தது. அதன் பின்னால் தேடிப் போனவர்கள், உயிர் தப்பி டொரொன்டோவில் வாழ்ந்த அவளுடைய அண்ணனைக் கண்டுபிடித்தார்கள். இந்தக் கதையை வாசித்த பிள்ளைகள், தங்கள் வீட்டில் ஒருவர் இடம்பெயர்ந்த கதையைக் கேட்டு எழுத வேண்டும். அதுதான் வீட்டுப்பாடம்.

"சூட்கேஸ் ஒண்டுமில்லை குஞ்சு. ஒரு சீலைப்பைதான்" என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்படிக்குள் போய்விட்டா.

எங்கள் வீட்டில் 1983 அவ்வளவுதான். வெள்ளவத்தையில் வீடு எரிந்தது, அகதி முகாம், காங்கேசன்துறைக்குக் கப்பல், பிறகு கனடா. இங்கே பிறந்த எனக்கும் அதற்கு மேல் தெரியாது. "ஆர் எரிச்சது?" என்று மகள் கேட்டபோது "சிங்களவர்" என்று ஒரே சொல்லில் முடித்தேன். அவள் அப்படியே எழுதிக்கொண்டாள். அந்தச் சொல் தனியாகக் கொப்பியில் கிடந்தது எனக்கு என்னவோ செய்தது.

அன்று இரவு நித்திரை வரவில்லை. ஹானாவின் வயதில் தப்பிய யாராவது எங்கள் பக்கம் வந்திருப்பார்களா என்று போனில் தேடினேன். ஆன் ரணசிங்க என்ற பெயர் கிடைத்தது.

அவர் 1925இல் ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத்தில், யூதப் பெற்றோருக்கு ஒரே பிள்ளையாகப் பிறந்தவர். அப்போது பெயர் அன்னலீசே காட்ஸ். 1938 நவம்பரில் ஜெர்மனி முழுவதும் யூதர்களின் கடைகளையும் தொழுகைக்கூடங்களையும் அடித்து நொறுக்கிக் கொளுத்தினார்கள். எஸ்ஸனிலும் தொழுகைக்கூடம் எரிந்தது. சில வாரங்களில், 1939 ஜனவரியில், பெற்றோர் அவரை இங்கிலாந்திலிருந்த உறவினரிடம் அனுப்பினார்கள். வயது 13. அதன் பிறகு அவர் பெற்றோரைக் காணவேயில்லை. போலந்தில் அடைத்து வைத்திருந்து, 1944இல் கொன்றுவிட்டார்கள்.

இங்கிலாந்தில் தாதியாகப் பயிற்சி பெற்றார். இலங்கையிலிருந்து வந்திருந்த சிங்கள மருத்துவர் ஒருவரை மணந்து, 1950களின் தொடக்கத்தில் கொழும்புக்கு வந்தார். கணவர் முதல் மனைவியை இழந்தவர், மூன்று பிள்ளைகள். இவர்களுக்கு நான்கு பிள்ளைகள். வந்த வீட்டில் ஏழு பிள்ளைகளுக்குத் தாய், பிறகு பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டி. முதல் கவிதைத் தொகுப்பு வெளிவந்தது 1971இல். அப்போது வயது நாற்பத்தைந்தைத் தொட்டுவிட்டது. தாயின் சாவைப் பற்றியும் அவுஷ்விட்ஸைப் பற்றியும் அவர் ஆங்கிலத்தில் எழுதியது கொழும்பு வீட்டிலிருந்துதான். அம்னஸ்டி இன்டர்நஷனலின் வேலையும் பல வருடம் செய்தார். 2016 டிசம்பரில், 91 வயதில், கொழும்பிலேயே காலமானார்.

என்னை எழுப்பி உட்கார வைத்தது 'ஜூலை 1983' என்ற அவருடைய கவிதை. சிறு வயதில் தன் ஊர் எரிந்ததைக் கண்டவர், வயது போன பிறகு கொழும்பு எரிவதையும் காண்கிறார். இந்த முறை எரிகிறவர்கள் நாங்கள். எரிக்கிறவர்களோ, கல்யாணத்தால் அவர் சேர்ந்துகொண்ட சமூகத்துக்குள்ளிருந்து வந்தவர்கள். அவர் தன்னை ஒரு பக்கத்தில் மட்டும் நிறுத்திக்கொள்ளவில்லை. கொன்றவர்களோடு சேர்த்து, பக்கத்தில் நின்று பார்த்தவர்களைப் பற்றியும் கேட்கிறார்.

அடுத்த நாள் பின்னேரம் அம்மாவுக்கு இதைத் தமிழில் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டா. முடிந்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தானாகவே சொன்னா:

"பக்கத்து வீட்டு நோனாதான் எங்களை ரெண்டு நாள் அறைக்குள்ளை வைச்சுப் பூட்டி வைச்சிருந்தவா. அவவும் சிங்களம்தான் தம்பி. அந்தச் சீலைப்பை எங்கடை இல்லை, அவ தந்தது. எரிச்சவங்கடை முகம் எனக்கு ஞாபகமில்லை. ஆனா மூண்டாம் வீட்டு ஐயா தன்ரை கேற்றிலை கையை வைச்சுக்கொண்டு பாத்துக்கொண்டு நிண்டவர். ஒவ்வொரு காலமையும் என்னோடை கதைக்கிற மனுசன். அவருக்கும் பயமா இருந்திருக்கும். எண்டாலும் அந்த முகம்தான் இன்னும் போகேல்லை."

நாற்பது வருடத்துக்கு மேல் எங்களோடு சாப்பிட்டு, எங்களோடு தொலைக்காட்சி பார்த்த அம்மா இதை ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

கேற்றடியில் நிற்பது மனிதர் மட்டுமல்ல. நாடுகளும் நிற்கும். அன்னலீசே இங்கிலாந்துக்குப் போன அதே 1939இல், 900க்கும் மேற்பட்ட யூத அகதிகளோடு வந்த செயின்ட் லூயிஸ் கப்பலுக்குக் கனடா இடம் கொடுக்கவில்லை. கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. அதற்குக் கனடாப் பிரதமர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2018இல். எங்கள் அம்மாமாருக்குக் கதவைத் திறந்ததும் இதே நாடுதான். பிள்ளைகளுக்கு இரண்டையும் சொல்ல வேண்டும்.

மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "அப்பா, எங்கடை வகுப்புக்குப் புதுசா ஒரு பெடியன் வந்தவன். பஸ்ஸிலை எல்லாரும் அவன் கதைக்கிற மாதிரிக் கதைச்சுச் சிரிக்கினம். நான் சிரிக்கேல்லை. ஆனா ஒண்டும் சொல்லவுமில்லை" என்றாள்.

எனக்கு உடனே புத்திமதி சொல்ல வாய் வந்தது. அம்மா கையைக் காட்டி நிறுத்திவிட்டு அவளிடம் கேட்டா: "அவன்ரை பேர் என்ன பிள்ளை?"

அவளுக்குத் தெரியவில்லை. "நாளைக்குக் கேட்டுக்கொண்டு வா" என்றா அம்மா. அவ்வளவுதான்.

இங்கே பிறந்து வளர்ந்த எங்களில் பலருக்கு அம்மா, அப்பாவின் கதை ஒரு வரிதான் தெரியும். அந்த ஒரு வரியை அப்படியே பிள்ளைகளிடம் கொடுத்தால், அதில் எரித்தவர் மட்டும் மிஞ்சுவார், பை தந்த நோனா காணாமல் போய்விடுவா. 1983இல் முப்பது வயதாக இருந்தவர்களுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. "என்ன நடந்தது?" என்று பெரிதாகக் கேட்டால் அவர்கள் அடுப்படிக்குப் போய்விடுவார்கள். என்ன பையில் கொண்டு வந்தனீங்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

மகளின் கொப்பியில் அந்த ஒற்றைச் சொல் வெட்டப்பட்டு, இப்போது மூன்று வரி இருக்கிறது: எரித்தவர்கள், ஒளித்து வைத்தவர், பார்த்து நின்றவர். கடைசியில் ஒரு பை கீறி, நீல நிறம் தீட்டியிருக்கிறாள். நிறம் பிழையாம். அது பச்சை என்று அப்பம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறா.