நாய்க்கும் பல் தேய்க்கணுமா?

அல் குசைஸில் சாயங்காலம் நாயோடு நடப்பவர்களைப் பார்த்திருப்பீங்க. நாய்க்கும் பல் வலிக்கும். ஆனால் "வலிக்குது" என்று சொல்லத் தெரியாது. நாமதான் கவனிக்கணும்.

குட்டி நாய்க்கு 28 பால் பற்கள் இருக்கும். அவை விழுந்த பிறகு 42 பற்கள் முளைக்கும். நமக்கு 32தான்!

நாயின் பல்லில் கிருமிகள் வழவழப்பாகப் படியும். தேய்க்காமல் விட்டால், சில நாட்களில் அது கல் மாதிரி கெட்டியாகும். இதன் பெயர் பற்காரை. அப்புறம் ஈறு சிவந்து வீங்கும். வாய் நாறும். பல் ஆடும்.

தினமும் மெதுவாகத் தேய்த்துவிட்டால் பல் நன்றாக இருக்கும். ஆனால் நம்ம பேஸ்ட் வேண்டாம்! நாய்க்குத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். சில பேஸ்ட்டில் உள்ள சைலிட்டால் என்ற இனிப்பு நாய்க்கு விஷம். நாய்களுக்கென்றே தனி பேஸ்ட் இருக்கு. ஈறு சிவந்திருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்க.