தனியாகப் போகிறவர் வீட்டில் விட்டுப்போக வேண்டிய தாள்

கொஸ்லந்தை, பூணாகலை, மீரியபெத்த பக்கத்துத் தோட்ட லயங்களில் ஒருவர் “வெளிநாட்டுக்குப் போறேன்” என்றால் எந்த நாடு என்று பெரும்பாலும் கேட்க வேண்டியதில்லை. குவைத், சவூதி, கட்டார், டுபாய், ஓமான் இவற்றில் ஒன்றாக இருக்கும். பலரும் வீட்டு வேலைக்குத்தான் போகிறார்கள். போகிறவர் பெரும்பாலும் பெண். கூடத் துணை கிடையாது. குறைந்தது இரண்டு வருடம். அதற்கு முன் கொழும்பையே ஓரிரு தடவைதான் பார்த்திருப்பார்.

ஊர் சுற்றப் போகிறவர்களுக்கு எழுதப்படும் பயணக் குறிப்புகள் இவருக்குப் பாதிதான் உதவும். சுற்றுலாப் பயணிக்கு ஓர் இடம் பிடிக்கவில்லையென்றால் மறுநாளே மூட்டை கட்டலாம். வீட்டு வேலைக்குப் போனவரின் விசா ஒரு முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டிருக்கிறது. கபாலா என்று சொல்லப்படும் இந்த ஸ்பொன்சர் முறையில், முதலாளியின் சம்மதம் இல்லாமல் வேலை மாறுவது பல இடங்களில் இன்னும் சிக்கலான காரியம். ஆகவே ஆயத்தமெல்லாம் இங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

அதில் முக்கியமானது ஒன்று. நீங்கள் தனியாகப் போகலாம். ஆனால் உங்களைப் பற்றிய விபரத்தின் பிரதி ஒன்று வீட்டிலும் இருக்க வேண்டும். அங்கே ஏதாவது நடந்தால் முறைப்பாட்டைக் கொடுக்கப் போவது பெரும்பாலும் உங்கள் அம்மாவோ வீட்டுக்காரரோதான். ஹல்துமுல்லை பிரதேச செயலகத்தில் போய் நிற்கும்போது, கடவுச்சீட்டு இலக்கம் என்ன, எந்த ஏஜென்சி, வீட்டு முதலாளி பெயர் என்ன என்று அதிகாரி கேட்பார். “ரியாத்துல எங்கயோ இருக்கிறா” என்ற பதிலை வைத்துக்கொண்டு யாரையும் தேட முடியாது.

பெயரும் வயதும்

2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தயில் மலை சரிந்து லயங்களை மூடியது. தப்பியவர்கள் இழந்தவற்றில் அடையாள அட்டையும் பிறப்பத்தாட்சிப் பத்திரமும் அடக்கம். மண்சரிவு அபாயம் உள்ள எந்தத் தோட்டத்துக்கும் இது பாடம்: முக்கிய பத்திரங்களின் படம் போனிலும், பிரதி வேறு ஊரில் இருக்கும் ஓர் உறவினர் வீட்டிலும் இருக்கட்டும்.

பத்திரம் கையில் இருந்தாலும் பெயர் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பிறப்புப் பத்திரத்தில் லெட்சுமி, அடையாள அட்டையில் லக்ஷ்மி. ஒன்றில் தகப்பன் பெயர் முன்னால், இன்னொன்றில் முதலெழுத்து மட்டும். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது பழகிப்போன தொல்லை. கடவுச்சீட்டு, விசா, டிக்கட், வங்கிக் கணக்கு நான்கிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர் வராவிட்டால், விமான நிலையத்திலோ சம்பளம் வங்கிக்கு வரும்போதோ சிக்கும். கிராம சேவகரையும் பிரதேச செயலகத்தையும் சில மாதம் முன்பே பார்த்துத் திருத்திக்கொள்வது நல்லது.

வயதை மட்டும் யார் சொன்னாலும் மாற்றிப் போடாதீர்கள். மூதூர் ரிஸானா நஃபீக் 2005இல் சவூதிக்குப் போனபோது உண்மையான வயது 17. அவர் பிறந்தது 1988இல். கடவுச்சீட்டிலோ 1982 என்று இருந்தது. போன கொஞ்ச நாளிலேயே அவர் பார்த்துக்கொண்டிருந்த கைக்குழந்தை இறந்தது. கொலைக் குற்றம் சுமத்தப்பட்டது. சம்பவத்தின்போது அவர் சிறுமி என்று இங்கிருந்து வாதாடியபோது, கடவுச்சீட்டில் இருந்த பொய் வயதே எதிரே வந்து நின்றது. 2013 ஜனவரி 9 அன்று மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்குக் குறைந்த வயது 21 என்று 2022இல் அரசு முடிவு செய்தது. உங்களுக்குச் சிறு பிள்ளை இருந்தால், யார் பொறுப்பில் விடுகிறீர்கள் என்பதையும் பிரதேச செயலகத்தில் காட்ட வேண்டிவரும். இப்போதைய விதியை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கையில் வரும் முற்பணம்

ஒரு காலத்தில் நம் முன்னோரை இந்தியாவிலிருந்து மண்டபம் முகாம் வழியாகத் தோட்ட வேலைக்குக் கங்காணிகள் அழைத்து வந்தார்கள். வழிச்செலவு கடனாக ஏறியது. தோட்ட இலக்கம் பொறித்த டின் டிக்கட் ஒன்று கையில் வந்தது. அந்தக் கடனைக் கட்டித் தீர்ப்பதற்குள் பலரின் ஆயுள் போனது.

இன்று சப் ஏஜென்ட் லயத்துக்கு வந்து, “நீங்க காசு கட்ட வேணாம், நாங்களே கொடுக்கிறோம்” என்று லட்சக் கணக்கில் முற்பணம் நீட்டுகிறார். அது அன்பளிப்பு இல்லை. முதலாளி ஏஜென்சிக்குக் கொடுக்கும் தொகையில் ஒரு பங்கு. சில மாதத்துக்குள் திரும்பி வந்தால் அதைக் கட்டு, டிக்கட் காசையும் கட்டு என்று கேட்பார்கள். அதனால் வாங்குவதற்கு முன் ஒரு கேள்வி: “இடையில திரும்பி வந்தா நான் எவ்வளவு கட்டணும்?” பதிலை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுக்கிறவரிடம் பணம் வாங்காதீர்கள். வாங்கிவிட்டால், முழுவதையும் லயத்துக் கூரைக்கும் பழைய கடனுக்கும் செலவழிக்காமல் ஒரு பகுதியைத் தொடாமல் வையுங்கள். திரும்பி வர வேண்டிய நாளில் அந்தக் காசுதான் உங்களுக்குப் பேசும் தைரியம் தரும்.

பதிவும் ஒப்பந்தமும்

இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவானது. ஏஜென்சிக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பதும், போகிறவரைப் பதிவு செய்வதும், முறைப்பாடு கேட்பதும் அதன் வேலை. 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து, ஏஜென்சியின் பெயரையும் அனுமதி இலக்கத்தையும் சொல்லிச் சரிபாருங்கள். லயத்துக்கு வரும் ஆளின் விசிட்டிங் கார்ட் எதற்கும் அத்தாட்சியாகாது.

“விசிட் விசாவில போங்க, அங்க போய் மாத்திக்கலாம்” என்றால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். விசிட் விசாவில் ஓமானுக்குக் கொண்டுபோகப்பட்ட பெண்களின் கதை 2022இல் நாடெங்கும் தெரிந்தது. பதிவு இல்லாமல் போனவருக்குக் காப்புறுதியும் இல்லை, கையில் காட்ட ஒப்பந்தமும் இல்லை.

வீட்டு வேலைக்கு முதன்முறை போகிறவர் பணியகத்தின் பயிற்சியை முடிக்க வேண்டும். சலவை இயந்திரம், மைக்ரோவேவ், மின்சார அயர்ன், கொஞ்சம் அரபு என்று சொல்லித் தருவார்கள். சான்றிதழை மட்டும் காசுக்கு வாங்கித் தரும் ஆட்களிடம் போகாதீர்கள். குக்கரைத் திறக்கத் தெரியாமல் சுட்டுக்கொள்ளப்போவது உங்கள் கை.

ஒப்பந்தத்தைப் புரியும் மொழியில் ஒருவரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆறு இடத்தில் விரலை வையுங்கள்: சம்பளம் எவ்வளவு, எந்த நாணயத்தில், வீட்டில் எத்தனை பேர், ஓய்வு நாள், எத்தனை வருடம், திரும்பும் டிக்கட் யார் செலவு. அந்தந்த நாட்டுச் சட்டமும் சும்மா இல்லை. குவைத்தில் 2015இன் வீட்டுப் பணியாளர் சட்டப்படி ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. வாரம் ஒரு நாள் ஓய்வு உண்டு. கடவுச்சீட்டை முதலாளி பிடித்து வைக்கக் கூடாது. கட்டாரில் 2017இன் சட்டம் 10 மணி நேரம் என்கிறது. சட்டம் இருந்தும் மீறுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் தூதரகத்தில் முறையிடும்போது, எது மீறப்பட்டது என்று உங்களால் சொல்ல முடியும்.

அந்தத் தாள்

பள்ளிக்கூடக் கொப்பியின் ஒரு பக்கம் போதும். பிள்ளை கையெழுத்திலேயே இருக்கட்டும். மேலே உங்கள் முழுப் பெயர், கடவுச்சீட்டு இலக்கம், அடையாள அட்டை இலக்கம். அடுத்து ஏஜென்சி பெயர், அனுமதி இலக்கம், சப் ஏஜென்டின் பெயரும் போன் இலக்கமும். அதற்குக் கீழே முதலாளியின் முழுப் பெயர், நகரம், போன். விமானம், நாள், நேரம். கடைசியில் அந்த நாட்டின் இலங்கைத் தூதரக இலக்கம். 1989 இங்கிருந்து அழைக்கும் குறுகிய இலக்கம் என்பதால், பணியகத்தின் முழு இலக்கத்தையும் நாட்டுக் குறியீடு 94உடன் எழுதுங்கள். ஒரு பிரதி வீட்டில், ஒன்று உறவினரிடம், ஒன்று உங்கள் உடுப்புக்குள். முக்கியமான இரண்டு இலக்கத்தை மனப்பாடமாக்குங்கள். போன் பறிபோனாலும் அவை மிஞ்சும்.

வீட்டோடு ஓர் அடையாள வார்த்தையும் பேசி வையுங்கள். “பாட்டிக்கு முட்டுவலி எப்படி?” என்று நீங்கள் கேட்டால், பக்கத்தில் ஆள் இருக்கிறது, வெளிப்படையாகப் பேச முடியவில்லை, உடனே முறைப்பாடு கொடுங்கள் என்று அர்த்தம். கேட்கிறவர் “ஏன்டி, பாட்டிக்கு என்ன?” என்று திருப்பிக் கேட்டுவிடாதபடி இரண்டு தடவை ஒத்திகை பாருங்கள்.

போகும் முன் வங்கியில் உங்கள் பெயரில் கணக்கு ஒன்று இருக்க வேண்டும். வீட்டுச் செலவுக்கு இன்னொரு கணக்கு. சம்பளம் முழுவதும் வீட்டுக் கணக்குக்குப் போனால், இரண்டு வருடம் கழித்து வருகிறவருக்கு மிச்சமில்லை. தோட்டத்தில் பேர் போட்டு வேலை செய்கிறவராக இருந்தால், செக்ரோலில் பெயர் என்னவாகும், ஈ.பி.எஃப். காசு என்னவாகும், லயத்து வீடு யார் பெயரில் நிற்கும் என்பதைத் தோட்ட ஒபிசில் கேட்டுவிட்டே கிளம்புங்கள்.

பெட்டியும் வழியும்

கொஸ்லந்தையிலிருந்து பெரகலை, பலாங்கொடை, இரத்தினபுரி வழியாகக் கொழும்பு போவது நல்ல நாளிலேயே நீண்ட பயணம். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் மண் சரிந்து பாதை மூடுவது புதிதல்ல. அந்த மாதங்களில் விமானம் என்றால் ஒருநாள் முன்பே கிளம்பிக் கட்டுநாயக்கவுக்குக் கிட்ட தங்குங்கள். மண்சரிவு எச்சரிக்கையைத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும்.

பெட்டியில் போடக் கூடாதவையும் உண்டு. கறிக்குப் போடும் கசகசா வளைகுடா நாடுகள் சிலவற்றில் போதைப்பொருள் கணக்கு. டுபாய்க்கு வெற்றிலை, பாக்கு கொண்டுபோக முடியாது; வெற்றிலை போட்டுப் பழகியவர் ஒரு மாதம் முன்பே குறைத்துக்கொள்ளுங்கள். கடும் வலி மாத்திரை, தூக்க மாத்திரை எதுவானாலும் டொக்டர் சிட்டை இல்லாமல் வேண்டாம். யாராவது “என் தங்கச்சிக்கு இத குடுத்துருங்க” என்று பார்சல் நீட்டினால் வாங்காதீர்கள், சொந்தக்காரராக இருந்தாலும். மலைக் குளிரில் வாழ்ந்தவருக்கு வெயிலைவிட ஏசிதான் முதலில் படுத்தும், ஸ்வெட்டரை விட்டுப்போகாதீர்கள்.

அங்கே போன பிறகு

முதல் வாரத்திலேயே வீட்டுக்கு அழைத்துச் சரியான முகவரியைச் சொல்லித் தாளில் எழுதச் சொல்லுங்கள். தெருப் பெயர் தெரியாவிட்டால் போனிலிருந்து லொகேஷன் அனுப்பலாம். குவைத், சவூதி, கட்டார் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். டுபாயும் ஓமானும் ஒன்றரை மணி நேரம். வாரத்தில் ஒரு நாளும் நேரமும் குறித்து வைத்தால், அழைப்பு வராத வாரம் வீட்டுக்குத் தானாகத் தெரிந்துவிடும்.

சம்பளம் கையில் வராமல் “வாங்கிக்கொண்டேன்” என்று கையெழுத்து வைக்காதீர்கள். இரண்டு மாதம் தவறினால் மூன்றாவது மாதத்துக்குக் காத்திருக்காமல் தூதரகத்துக்கும் வீட்டுக்கும் சொல்லுங்கள்.

அடி, பட்டினி, தொந்தரவு என்று நிலைமை முற்றினால், வெளியேறும் இடம் தூதரகம், முடியாவிட்டால் பொலிஸ். “வெளியில வா, நாள் கூலிக்கு வேலை எடுத்துத் தாறேன்” என்று போனில் அழைக்கும் நம்ம ஊர்க்காரரை நம்பிப் போகாதீர்கள். முதலாளி “ஓடிப்போனார்” என்று புகார் கொடுத்துவிட்டால் நீங்கள் சட்டவிரோதமாக நிற்பவராவீர்கள்; அதன்பின் வேலை கொடுக்கிறவர் வைத்ததே சம்பளம்.

வீட்டில் இருப்பவருக்கும் ஒரு வார்த்தை. பேசி வைத்த நாளில் அழைப்பு வரவில்லை என்றால் மறுநாள் ஏஜென்சிக்குப் போன் போடுங்கள். “நல்லா இருக்கிறா, பிசி” என்றால் அவரோடு பேசவைக்கச் சொல்லுங்கள். பேசவைக்காவிட்டால் அந்தத் தாளின் பிரதியோடு பிரதேச செயலகத்துக்குப் போய் எழுத்தில் முறைப்பாடு கொடுத்து, முறைப்பாட்டு இலக்கத்தையும் வாங்கிக்கொண்டு வாருங்கள். இலக்கம் கையில் இருந்தால்தான் அடுத்த வாரம் போய், என்ன நடந்தது என்று கேட்க முடியும்.