உட்பகையோ? இடித்துரையோ?

உட்பகைக்கென ஓரதிகாரத்தைத் தனியே வகுத்த திருவள்ளுவர், அரசனுக்கு இடித்துரைக்கும் துணைவர் இன்றியமையாதவர் என்பதையும் பிறிதோரிடத்தில் வற்புறுத்தியுள்ளார். வெளித்தோற்றத்தில் இவ்விருவரும் ஒரு தன்மையரே. இருவரும் வீட்டினுள்ளே இருப்பவர். இருவரும் மாறுபட்டு நிற்பவர். ஒருவர் வீட்டை அழிக்கிறார், மற்றவர் காக்கிறார். இன்னார் இன்னாரென்று பகுத்தறிவது எங்ஙனம்? சென்ற திங்கள் நம் விடுதியில் இவ்வினா எழுந்தது. குறளைப் பற்றியன்று, அமெரிக்க நாட்டுத் தேர்தலைப் பற்றி. தம் கட்சியின் உறுப்பினர் பழமைப் பற்றுடையவராயிருக்கின்றார் என்று, அவருக்கெதிராக அக்கட்சியிலேயே வேறோர் அபேட்சகரை ஆதரிக்கும் முற்போக்கு வாக்காளரைத் துரோகிகள் என்றார் நண்பரொருவர். நாம் மறுத்தோம். இரவு மணி அடித்துவிட்டமையால் கருதியவற்றை முற்றும் கூற இயலவில்லை. ஆதலின் ஈண்டு எழுதத் துணிந்தோம்.

நம் நாட்டில் ஒரு தொகுதிக்கு இன்ன கட்சியின் அபேட்சகர் இன்னாரென்று தீர்மானிப்பது பெரும்பாலும் அக்கட்சியின் தலைமையே. அமெரிக்காவிலும் முன்னாளில் கட்சி மகாநாடுகளில் தலைவர் சிலர் கூடி இதனை முடிவு செய்துவந்தனர். விஸ்கான்ஸின் மாகாணத்து ராபர்ட் லா பாலெட் என்பார் 1896, 1898 ஆகிய ஆண்டுகளில் கவர்னர் பதவிக்கு நிற்க விழைந்தும் அவரது கட்சி மகாநாடு அவரை ஏற்கவில்லை. 1900இல் கவர்னராகத் தெரிந்தெடுக்கப்பட்ட பின் அவர் இம்முறையை மாற்றுவதையே தம் கடமையாகக் கொண்டார். 1904இல் அம்மாகாண மக்கள் பொது வாக்கெடுப்பில் புதுச்சட்டத்தை ஏற்றனர். கட்சியின் அபேட்சகரை வாக்காளரே வாக்களித்துத் தெரிந்தெடுத்தல் வேண்டும் என்பது அச்சட்டம். பின்னர் இம்முறை நாடெங்கும் பரவிற்று. இதனை ‘பிரைமரி’ என்பர். நாம் உட்கட்சித் தேர்தல் என வழங்குவோம்.

பொதுத் தேர்தலுக்குச் சில திங்கள் முன்னரே இது நிகழும். பதவியிலிருக்கும் உறுப்பினரும் எவரேனும் எதிர்த்து நின்றால் இதில் வென்றே ஆதல் வேண்டும். ஆரிகன் மாகாணத்தில் கட்சியின் பட்டியலிற் பெயரைப் பதிந்துகொண்டவரே இதில் வாக்களிக்கலாம். இல்லினாயிலோ வாக்குச் சாவடிக்குச் சென்று தாம் விரும்பும் கட்சியின் வாக்குச்சீட்டைக் கேட்டுப் பெறலாம். அந்நாட்டில் இரண்டே பெருங் கட்சிகள். மூன்றாவது கட்சி தலையெடுத்தல் அரிது. ஆகவே பிற நாடுகளில் இரு கட்சிகளிடையே நிகழும் வழக்கு, அங்கே ஒரு கட்சியினுள்ளேயே நிகழ வேண்டியதாயிற்று.

இவ்வாயிலிற் புகுந்து உலகறியத் தோற்றவர் ஒரு ஜனாதிபதி. 1936இல் 48 மாகாணங்களுள் 46இல் வென்ற பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், மறு ஆண்டில் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகளின் தொகையைக் கூட்ட ஒரு மசோதாவைக் கொணர்ந்தார். அதனைக் கவிழ்த்தவருள் அவருடைய ஜனநாயகக் கட்சியினரே பலர். தென் மாகாணத்துப் பழமையாளர் அவருள் முன்னின்றனர். 1938இல் அவர்களை உட்கட்சித் தேர்தலில் வீழ்த்த ரூஸ்வெல்ட் புறப்பட்டார். ஆகஸ்டு 11ஆம் நாள் ஜார்ஜியா மாகாணத்துப் பார்ன்ஸ்வில் என்னும் சிற்றூரில், நாட்டுப்புறத்துக்கு மின்சாரம் வழங்கும் திட்டத்தைத் தொடங்கிவைக்கும் விழா. மேடையில் அம்மாகாணத்துச் செனட்டர் வால்டர் ஜார்ஜும் வீற்றிருந்தார். ரூஸ்வெல்ட் அவரைத் தம் நண்பரெனப் பாராட்டினார். உடனே, அரசியலில் தாமிருவரும் ஒருமொழி பேசுவோரல்லர் என்றார். தமக்கு அம்மாகாணத்தில் வாக்குரிமை இருப்பின் லாரன்ஸ் காம்ப் என்பாருக்கே வாக்களிப்பதாகவும் கூறினார். ஜார்ஜ் எழுந்து ஜனாதிபதியின் கையைக் குலுக்கி, அறைகூவலை ஏற்றேன் என்றார். அம்மேடையிலே அமர்ந்திருந்தோர் முகங்களைக் காணும் பேறு நமக்கில்லையே!

செப்டம்பரில் ஜார்ஜே வென்றார். ஜனாதிபதியின் ஆதரவு பெற்ற காம்ப் மூன்றாமிடத்தில் நின்றார். தென் கரோலினாவில் ஸ்மித்தும், மேரிலாந்தில் டைடிங்ஸும் அவ்வாறே தப்பினர். நியூயார்க்கில் பிரதிநிதி சபை விதிக் குழுவின் தலைவரான ஓகானர் ஒருவரே வீழ்ந்தார். வெளியார் வந்து தமக்கு ஆணையிடுவதை மக்கள் வெறுத்தனர் என்பது சரித்திரக்காரர் பலரும் கூறும் காரணம். அது மெய்யே. ஆயினும் அதனினும் ஆழ்ந்ததொன்றுண்டு. அந்நாளில் ஜார்ஜியாவில் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் வெள்ளையரே வாக்களிக்கலாம் என்பது கட்சி விதி. தலைவரி செலுத்தாத ஏழைக்கும் வாக்கில்லை. குடியரசுக் கட்சி அங்கே பெயரளவில் இருந்தமையால், உட்கட்சித் தேர்தலில் வென்றவரே உறுப்பினர். எனவே, பழமையாளரை எதிர்த்து எவர் முதலில் வாக்களித்திருப்பரோ அவரெல்லாம் கதவுக்கு வெளியே நின்றனர். வெள்ளையர் மட்டும் வாக்களிக்கும் உட்கட்சித் தேர்தல் செல்லாதென டெக்ஸஸ் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது 1944இல். ஜார்ஜியாவில் தலைவரி ஒழிந்தது 1945இல். அங்கே அவ்வுட்கட்சித் தேர்தலின் கதவு திறந்தது 1946இல். வீட்டாரிற் பெரும்பகுதியைத் திண்ணையில் நிறுத்திவிட்டு, உள்ளே இடித்துரைப்பார் இல்லையே என்று வியத்தல் தகுமா?

பிற்காலத்தில் இப்போர் தலைவர் கையினின்று வாக்காளர் கைக்கு மாறிற்று. 2006இல் கனெக்டிகட் மாகாணத்து ஜனநாயகக் கட்சியினர், ஈராக் யுத்தத்தை ஆதரித்தமைபற்றிச் செனட்டர் லீபர்மன் மேல் சினங்கொண்டு, நெட் லமாண்ட் என்னும் வணிகருக்கு நூற்றுக்கு 52 வீதம் வாக்களித்தனர். லீபர்மன் ஓய்ந்தாரல்லர், கட்சியை விட்டுத் தனித்து நின்று பொதுத் தேர்தலில் வென்றார். வாக்காளர் தீர்ப்பை ஏலாது வெளியேறியவர் உறுப்பினரே என்பதை நம் நண்பர் மனங்கொள்க.

இல்லினாய் மாகாணத்துச் சிக்காகோ நகரையடுத்த தொகுதியின் கதை இன்னும் வியப்புடைத்து. 2004இல் அதன் உறுப்பினரான வில்லியம் லிப்பின்ஸ்கி உட்கட்சித் தேர்தலில் வென்றபின் விலகிக்கொண்டார். கட்சித் தலைவர் கூடி அவர்தம் மகனார் டானியேலை அவ்விடத்தில் அமர்த்தினர். தந்தையின் சொத்து மகனுக்கு வந்ததுபோல வந்தது தொகுதி! மகனார் 2010இல் தம் கட்சியே கொணர்ந்த மருத்துவக் காப்புறுதிச் சட்டத்துக்கு எதிராக வாக்களித்தார். 2018இல் மேரி நியூமன் என்னும் அம்மையார் அவரை எதிர்த்து இரண்டாயிரம் வாக்குக்குச் சற்று மிகுதியாகத் தோற்றார். இதற்கிடையே, பதவியிலிருப்போரை எதிர்ப்பவர்க்கு உழைக்கும் நிலையங்களோடு தாம் தொழில் கொள்வதில்லையென்று கட்சியின் பிரதிநிதி சபைத் தேர்தற்குழு 2019இல் விதி வகுத்தது. (2021இல் அதனைக் கைவிட்டது.) அவ்விதி இருக்கும்போதே, 2020 மார்ச்சில், அவ்வம்மையார் வென்றார். டெக்ஸஸ் எல்லைப்புறத்திலோ 2022இல் ஜெஸிக்கா ஸிஸ்னெரோஸ் என்னும் இளம் வழக்கறிஞர், ஹென்றி குயெல்லரிடம் மறு எண்ணிக்கைக்குப் பின் 289 வாக்குகளால் தோற்றார். சபைத் தலைவர் நான்ஸி பெலோஸி குயெல்லர் பக்கமே நின்றார்.

நிற்க. நண்பரின் வலிய வாதம் ஒன்றுண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. முற்போக்காளர் வீட்டுக்குள் வென்று, வெளியே தொகுதியை எதிர்க்கட்சிக்குத் தோற்றுவிடின் ஆதாயம் யாது? ஆரிகனில் அவ்வாறே நிகழ்ந்தது. ஏழுமுறை வென்ற கர்ட் ஷ்ரேடர் என்பார், மருந்து விலையைக் குறைக்க அரசாங்கம் பேரம் பேசுவதற்கான ஏற்பாட்டை 2021இல் சபைக் குழுவில் எதிர்த்து வாக்களித்தார். மருந்து வாங்கக் காசில்லாதவர் இதனை மறப்பரோ? 2022 மே மாதம் ஜேமி மக்லியட் ஸ்கின்னர் அவரை எதிர்த்து நின்றார். ஜனாதிபதி பைடனின் ஆதரவு ஷ்ரேடருக்கு. ஒரு கவுண்டியில் வாக்குச்சீட்டுகளின் பட்டைக்குறிகள் மங்கலாக அச்சாகியிருந்தமையால் எண்ணும் பணி பன்னாள் நீண்டது. முடிவில் ஷ்ரேடர் தோற்றார். நவம்பரிலோ குடியரசுக் கட்சியின் லோரி சாவெஸ் டிரீமர் ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு வீத வித்தியாசத்தில் அத்தொகுதியைக் கைப்பற்றினார்.

இதற்கு நம் மறுமொழி என்னை? அவ்விழப்பு இழப்பே, சிறிதென்று சொல்லோம். அவ்வாண்டிலே பிரதிநிதி சபையிற் குடியரசுக் கட்சி பெற்ற மிகுதி சில இடங்களே. ஒவ்வொரு தொகுதியும் எண்ணத்தக்கதாயிருந்தது. ஆனால், தொகுதியை இழக்கலாமென்னும் அச்சத்தால் வாக்காளர் என்றும் வாய்மூடியிருப்பராயின், உறுப்பினர் அவர்க்கு அஞ்ச வேண்டுவதில்லை. மருந்து வணிகருக்கு அஞ்சினாற் போதும். உட்பகையாளன் மறைவில் இருப்பான். இவர்களோ பெயரைப் பதிந்து, பகல் வெளிச்சத்தில் வாக்களித்து, எண்ணிக்கையில் தோற்றபோது பெரும்பாலும் அடங்கியவர். இடித்துரைக்கும் துணைவனும் சிலபோது தவறான வேளையில் இடித்துவிடக் கூடும். அதனால் அவன் பகைவனாகான்.

அவ்வாரிகன் தொகுதியில் 2024 மே மாதம் மீண்டும் உட்கட்சித் தேர்தல் வந்தது. மக்லியட் ஸ்கின்னர் மறுபடியும் நின்றார். முன்பு அவரை ஏற்ற அதே கட்சியின் வாக்காளர், இம்முறை ஜானெல் பைனம் என்பாரைத் தெரிந்தெடுத்தனர். இவர் மாகாணச் சட்டசபைத் தேர்தலில் சாவெஸ் டிரீமரை முன்னரே இருமுறை வென்றவர். நவம்பரில் மூன்றாம் முறையும் வென்றார். ஆரிகனிலிருந்து அந்நாட்டுப் பேரவைக்குத் தெரிந்தெடுக்கப்பட்ட முதற் கறுப்பினத்தவர் அவரே.