மோர்பியிலிருந்து ஒரு லோடு

வதோதராவிலோ சேலத்திலோ புதிதாகக் கட்டப்பட்ட வீட்டின் தரையில் பதித்திருக்கும் டைல்ஸ் பெரும்பாலும் ஒரே ஊரிலிருந்து வந்ததாக இருக்கும். குஜராத்தின் சௌராட்டிரப் பகுதியில், மச்சு ஆற்றங்கரையில் அமைந்த மோர்பியே அவ்வூர். இந்தியாவில் உருவாகும் தரை ஓடுகளில் மிகப் பெரும்பகுதி இந்நகரைச் சூழ்ந்த ஆலைகளில்தான் சுடப்படுகிறது. அந்த ஓடு சூளையிலிருந்து வெளிவந்தபின், ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர் கடந்து நாமக்கல்லை அடைவதற்குப் பலருடைய உழைப்பு தேவைப்படுகிறது.

இந்திய மாநிலங்களுள் மிக நீண்ட கடற்கரையை உடையது குஜராத். நாட்டுப் பிரிவினையால் கராச்சித் துறைமுகம் பாகிஸ்தானுக்குச் சென்றபின், அதற்கு ஈடாகக் காண்ட்லா வளர்க்கப்பட்டு, 1955 இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. பின்னாளில் முந்த்ராவும் ஹசீராவும் வளர்ந்தன. துறைமுகங்களுக்கும் ஆலைகளுக்கும் இடையே இரவு பகலாக லாரிகள் ஓடுகின்றன. எல்லாச் சரக்கையும் எல்லா லாரியிலும் ஏற்ற இயலாது. சூரத்தின் துணிப்பொதிகள் எடை குறைந்தவை, இடத்தை அடைத்துக்கொள்பவை. அங்கலேஷ்வரிலும் வாபியிலும் உருவாகும் வேதிப்பொருள்களுக்குத் தனித் தொட்டி லாரிகளும், அபாயகரமான சரக்கைக் கையாளப் பயிற்சி பெற்ற ஓட்டுநர்களும் தேவை. அமிலம் ஏற்றிச் சென்ற தொட்டியில் திரும்பும்போது சமையல் எண்ணெய் நிரப்ப முடியுமா? அது வெறுமையாகவே திரும்ப வேண்டும். ஆதலால் அதன் வாடகையில் திரும்பும் வழிக்கான டீசல் செலவும் சேர்ந்தே இருக்கும்.

டைல்ஸின் இயல்பு துணிக்கு நேர்மாறானது. லாரியின் பக்கப்பலகை உயரத்திற்கு அடுக்குவதற்கு முன்பே எடை வரம்பு நிறைந்துவிடும். பத்துச் சக்கர லாரி சரக்குடன் சேர்த்து 25 டன் வரை இருக்கலாம் என்றிருந்த வரம்பு, 2018 இல் 28.5 டன்னாக உயர்த்தப்பட்டது. இவ்வரம்பை மீறினால் தண்டம் உண்டு. அதைவிட, மலைச்சரிவில் பிரேக் பிடிக்காமல் போகும் அச்சம் பெரிது. ஆகவே லாரி காலியாக ஒரு முறையும் ஏற்றியபின் ஒரு முறையும் எடைமேடையில் ஏறி இறங்குகிறது.

மோர்பியில் உள்ள ஆலை முதலாளிக்கு நாமக்கல்லில் உள்ள லாரி உரிமையாளரைத் தெரியாது. இருவரையும் இணைப்பது லாரி புக்கிங் அலுவலகம். பெரும்பாலும் ஒரு மேசை, இரண்டு கைபேசிகள், சுவரில் ஒரு நாட்காட்டி, இவ்வளவே அதன் உடைமை. எந்த ஆலையில் சரக்கு ஆயத்தமாக உள்ளது, எந்த லாரி எங்கே காலியாகிறது என்னும் செய்திதான் அதன் மூலதனம். வாடகையைப் பேசி முடித்தபின் லாரி ஆலைக்கு அனுப்பப்படும். வாடகையில் பெரும்பகுதி முன்பணமாகவும், எஞ்சியது சரக்கை ஒப்படைத்த பின்னரும் வழங்கப்படுவது வழக்கம்.

ஓட்டுநர் கையில் இரண்டு சீட்டுகள் இன்றியமையாதவை. ஒன்று, வடஇந்தியர் 'பில்ட்டி' என்று வழங்கும் சரக்குச் சீட்டு. 2007 ஆம் ஆண்டுச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் இதனை மூன்று படிகளாக எழுதச் சொல்கிறது. மூலப்படி சரக்கை அனுப்புபவருக்கு உரியது. மற்றொன்று, இ-வே பில் எனப்படும் மின்வழிச் சீட்டு. மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் சரக்குகளுக்கு இது 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைக் கடந்தால் இச்சீட்டு வேண்டும். இப்போதைய விதிப்படி 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று காலவரம்பு கணக்கிடப்படும். 1,900 கிலோமீட்டருக்குப் பத்து நாள் கிடைக்கும். வழியில் லாரி பழுதாகிச் சரக்கை வேறு லாரிக்கு மாற்றினால், புதிய வண்டியின் எண்ணைச் சீட்டில் பதிய வேண்டும். காலவரம்பு முடிந்த சீட்டுடன் பிடிபட்டால் லாரியும் சரக்கும் சேர்ந்தே நிறுத்தப்படும்.

இத்தொழிலின் உயிர்நாடி திரும்பு லோடு. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி ஆகிய ஊர்களின் லாரிகள் குஜராத் வரை வெறுங்கையுடன் வருவதில்லை. அவை கொண்டுவரும் சரக்குகளுள் சேலம் வட்டாரத்து ஜவ்வரிசியும் ஒன்று. தமிழ்நாட்டில் பாயசத்திற்கும் வடகத்திற்கும் உரிய இப்பொருள், குஜராத்திலும் மகாராட்டிரத்திலும் 'சாபுதானா' என்னும் பெயரில் விரத நாள்களின் உணவாகிறது. ராஜ்கோட்டில் ஜவ்வரிசியை இறக்கிய லாரி, ஏறத்தாழ 65 கிலோமீட்டர் காலியாகச் சென்றால் மோர்பியில் டைல்ஸ் ஏற்றலாம். போகும் வாடகையும் திரும்பும் வாடகையும் சேர்ந்தால்தான் டீசல், சுங்கச்சாவடிக் கட்டணம், டயர் தேய்மானம், கடன் தவணை அனைத்தும் ஈடுகட்டும்.

சிக்கலும் இங்கேதான் எழுகிறது. சிராவண மாதத்தில் விரதங்கள் மிகுதி. சாபுதானாவின் தேவையும் உயரும். லாரிகள் நிறைய வரும். அதே மாதத்தில்தான் சௌராட்டிரத்தின் பெருவிழாவாகிய ஜன்மாஷ்டமியும் வருகிறது. ஆலைகளில் விடுமுறை விடப்படும். ஏற்றுவதற்குக் கூலியாள்களும் இரார். தீபாவளியை ஒட்டியும் இந்நிலை உண்டு. குஜராத்தி வணிகர் பலர் லாப பஞ்சமி நாளன்றே கடையை மீண்டும் திறப்பர். அந்நாள்களில் காலியான லாரிகள் வரிசையாக நிற்க, வாடகை சரியும். குறைந்த வாடகைக்கு ஒப்புக்கொள்வதா, ஆலை திறக்கும்வரை காத்திருப்பதா என்று உரிமையாளர் முடிவு செய்தாக வேண்டும்.

அந்தக் காத்திருப்பின் சுமை ஓட்டுநர்மேல் விழுகிறது. தொலைதூர ஓட்டுநர்கள் பலருக்கு மாதச் சம்பளம் இல்லை; நடைக்கு இவ்வளவு என்பதே கணக்கு. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்க்கு நாளுக்கு 8 மணி நேரமே வேலை என 1961 ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவரம்பு வகுத்தது. ஓடாத நாளின் கூலியை அவர்களுக்கு யார் தருவது? ஆலை வாயிலில் மூன்று நாள் நின்றால் மூன்று நாள் வருமானம் போயிற்று. லாரியின் அடியில் பலகைப் பெட்டியில் வைத்திருக்கும் அடுப்பில் சோறு பொங்கும். உறக்கம் ஓட்டுநர் அறையில். கைபேசிச் செயலிகள் இன்று லோடு இருக்கும் ஊரைக் காட்டுகின்றன. ஆனால் எந்த ஆலையில் ஏற்றத் தாமதமாகும், எந்தக் கிடங்கில் மாலைக்குப்பின் இறக்கமாட்டார்கள் என்பது அனுபவம் மிக்க புக்கிங்காரருக்கே தெரியும். லாரி நிற்கும் நேரத்தைக் குறைப்பவரைத்தான் ஓட்டுநர்கள் நல்ல புக்கிங்காரர் என்பர்.

ஏற்றி முடித்துத் தார்ப்பாய் கட்டிய லாரி, அகமதாபாத் வந்து 48 ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பிடிக்கிறது. சூரத், புனே, ஹூப்ளி, பெங்களூரு வழியாகக் கிருஷ்ணகிரி வரை அதே சாலைதான். அங்கிருந்து சேலத்தின் பக்கம் திரும்பினால் நாமக்கல். கடை வாசலில் பெட்டிகள் எண்ணி இறக்கப்படும். உடைந்த ஓடுகள் தனியே அடுக்கப்பட்டு, அவற்றின் எண்ணிக்கை சரக்குச் சீட்டில் குறிக்கப்படும். பெற்றுக்கொண்டவரின் கையொப்பம் விழுந்த பிறகே மீதி வாடகை கிடைக்கும். அதற்குள் அடுத்த ஜவ்வரிசி லோடுக்கு அழைப்பு வந்திருக்கும்.